துறவு மடத்துச் சவப்பெட்டி வாங்கலாமா? அமெரிக்காவில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு மதிப்புரை

அயோவா மாநிலம் டுபியூக் நகருக்குப் பக்கத்தில் நியூ மெல்லரி என்றொரு மடம் இருக்கிறது. டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவு சபையைச் சேர்ந்தது. அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டிய காலத்தில், 1849-இல், அங்கிருந்த மவுண்ட் மெல்லரி மடத்துத் துறவிகள் கடல் கடந்து வந்து தொடங்கியது. நெடுங்காலம் விவசாயம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. 1999 முதல் சவப்பெட்டி செய்து விற்கிறார்கள். பைன், ஓக், வால்நட் என்று மர வகைகள் உண்டு. தகனம் செய்கிறவர்களுக்கு அஸ்திப் பேழையும் உண்டு. மரத்தில் ஒரு பகுதி மடத்தின் சொந்தக் காட்டில் வளர்ந்தது.

பெற்றோரை அமெரிக்காவுக்கு அழைத்து வந்து கூடவே வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இப்போது அந்தப் பெற்றோரை இங்கேயே அடக்கம் செய்யத் தொடங்கிவிட்டன. இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்கிற ஃபியூனரல் ஹோம் காட்டுகிற பளபளப்பான ஸ்டீல் பெட்டிக்கு வேறு மாற்றே கிடையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாற்று உண்டு. அது நல்ல மாற்றா, யாருக்குச் சரிப்படும், எங்கே இடிக்கும் என்று பார்ப்போம்.

முதலில் பெட்டி. பைன் மரம் லேசானது, மென்மையானது, வெளிர் நிறம். கிளை முளைத்த இடத்துக் கண்கள், அதாவது முடிச்சுகள், நிறையத் தெரியும். ஓக் கனமானது, உறுதியானது, நரம்பு எடுப்பாகத் தெரியும். வால்நட் கறுப்புக் கலந்த பழுப்பு. விலையிலும் அதுதான் உச்சம். வெளியே தங்க நிற உலோக அலங்காரமோ உள்ளே பட்டு மெத்தைச் சுருக்கங்களோ கிடையாது. தச்சு வேலை தெரிந்த எவரும் முதலில் பார்ப்பது மூலைகளையும் அடிப்பலகையையும்தான். பெட்டியைத் தூக்கும்போது பாரம் முழுவதும் அடிப்பலகையும் பக்கப் பலகையும் சேருகிற விளிம்பில் இறங்குகிறது. மலிவான பெட்டிகள் விட்டுக்கொடுப்பது அங்கேதான். இந்த மடத்துப் பெட்டிகளில் அந்த இணைப்பு திடமாக இருக்கிறது.

ஒவ்வொரு பெட்டியையும் ஒரு துறவி ஜெபித்து மந்திரித்த பிறகே அனுப்புகிறார்கள். அதே மரத்தில் செய்த சிறு சிலுவை ஒன்று குடும்பத்துக்கு வந்து சேர்கிறது. இறந்தவர் நினைவாக மடத்துக் காட்டில் ஒரு மரம் நடுகிறார்கள். வெட்டுகிறவர்களே நடுகிறார்கள் என்பதால் இதை விளம்பர உத்தி என்று தள்ளிவிட முடியாது. அடுத்த தலைமுறைத் துறவிகளின் தொழிலுக்கு அந்தக் காடும் வேண்டும்.

பட்டறையில் எல்லாரும் துறவிகள் என்று நினைத்துக்கொண்டு வாங்க வேண்டாம். துறவிகளோடு சம்பளத்துக்கு வேலை செய்கிற பொதுநிலையினரும் இருக்கிறார்கள். துறவிகளின் எண்ணிக்கை பல மடங்களில் குறைந்துவருகிறது. ஆனால் வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது மடத்தின் மணிதான். விடியுமுன் தொடங்கி இரவு வரை ஜெப மணி அடிக்கும்போதெல்லாம் துறவி ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கோவிலுக்குப் போகிறார். ஒரு நாளில் எத்தனை பெட்டி முடிந்தது என்பது அங்கே இரண்டாவது கேள்வி.

இதற்கெல்லாம் மூலம் ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல். அதன் நான்காம் அதிகாரத்தில் மூன்று கட்டளைகள் அடுத்தடுத்து வருகின்றன: நிலைவாழ்வை முழு ஆன்ம தாகத்தோடு ஆசைப்படு, சாவை நாள்தோறும் கண்முன் வைத்திரு, உன் செயல்களை மணிக்கு மணி காத்துக்கொள். மோட்சத்தை ஆசைப்படு என்றதும் அடுத்து வருவது உலகத்தை மற என்பதல்ல, இந்த மணி நேரத்தில் உன் கை என்ன செய்கிறது என்று பார் என்பது. முப்பத்தோராம் அதிகாரம் மடத்துப் பண்டகசாலைக்காரரிடம், ஒவ்வொரு கருவியையும் பீடத்துப் பாத்திரம்போல் நடத்து என்கிறது. ஐம்பத்தேழாம் அதிகாரம் விலைக்கே வந்துவிடுகிறது: மடத்துக் கைவினைஞர் செய்ததை விற்கும்போது பேராசை நுழையக் கூடாது, வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும். பிறகு இரவு ஜெபம். ஒவ்வொரு நாளின் கடைசி ஜெபத்திலும் அமைதியான இரவையும் நல்ல முடிவையும் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள். காலையில் எழுந்து வேறொருவருக்கான பெட்டிக்கு இழைப்புளி பிடிக்கிறார்கள்.

இந்தப் பெட்டியைச் செய்கிற டிராப்பிஸ்ட் துறவிகளின் மரபில் அவர்களுக்கே பெட்டி கிடையாது. இறந்த சகோதரரைத் துறவு உடையோடு பாடையில் கிடத்தி, அப்படியே குழிக்குள் இறக்குவார்கள். கீழே ஒரு சகோதரர் நின்று உடலை வாங்கிக் கிடத்திவிட்டு ஏறி வருவார். கென்டக்கி கெத்சமனி மடத்தில், டிராப்பிஸ்ட் துறவியும் எழுத்தாளருமான தாமஸ் மெர்டன் 1968-இல் பெட்டியோடு அடக்கம் செய்யப்பட்டது அந்த மரபுக்கு விலக்கு. பாங்காக் அருகே இறந்த அவர் உடல் தொலைவிலிருந்து பெட்டியில் வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? ஃபியூனரல் ஹோமின் காட்சி அறையில் விற்பனையாளர் முதலில் பேசப்போவது பெட்டி உடலுக்குத் தரும் 'பாதுகாப்பு' பற்றித்தான். பெட்டி செய்கிற துறவிகளே தங்களுக்கு அதைத் தேடவில்லை. ஸ்டீல் பெட்டிகளைத் தகட்டின் தடிமனை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள்: 20 கேஜ் மெல்லியது, 18 நடுத்தரம், 16 தடித்தது, எண் குறையக் குறைய விலை ஏறும். அதற்கு மேல் 'சீலர்' என்று ஒரு ரகம். மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து, சாவி போட்டு இறுக்குவது. காற்றும் தண்ணீரும் போகாது என்பார்கள். உள்ளிருக்கும் ஈரமும் வெளியே போகாது என்பதுதான் சிக்கல். காற்றில்லாத ஈரத்தில் சிதைவு நின்றுவிடாது. வேறு விதமாக, இன்னும் மோசமாக நடக்கும். வாயு சேர்ந்து அழுத்தம் கூடும். அதனாலேயே அந்த அழுத்தத்தை வெளியேவிடும்படி பட்டையை வடிவமைக்க வேண்டியிருக்கிறது. பெட்டி உடலை என்றென்றும் காக்கும் என்று சொல்லி விற்பதை அமெரிக்கக் கூட்டாட்சி விதி தடைசெய்கிறது.

விதி இருக்கட்டும், விசுவாசம் என்ன சொல்கிறது? சரீர உத்தானத்தை ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடுகிறோம். உடலை உயிர்ப்பிக்கிறவர் கடவுள். ரப்பர் பட்டைக்கு அதில் பங்கில்லை. அதே விசுவாசம் உடலைக் குப்பையாக நினைக்கவும் விடாது. ஞானஸ்நானத்தில் தண்ணீர் பட்ட உடல், நற்கருணை வாங்கிய உடல். அதை மரியாதையோடு மண்ணில் வைக்க வேண்டும். மண்ணைத் தடுக்காத, ஆனால் கவனமாகச் செய்த மரப்பெட்டி இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது. இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்க முதல் காரணம் அதுதான். விலை அதற்குப் பிறகு.

இரண்டாவது காரணம் கோவில் வாசலில் தெரியும். அடக்கத் திருப்பலிக்கு உடல் வந்ததும் குரு தீர்த்தம் தெளிக்கிறார். பெட்டிமேல் வெள்ளைத் துகில் போர்த்தப்படுகிறது. ஞானஸ்நான வெள்ளாடையின் நினைவு அது. பாஸ்கா திரி எரிகிறது. தேசக் கொடி போர்த்தி வந்தாலும் வாசலிலேயே அதை எடுத்துவிட்டுத்தான் துகில். ஒன்பதாயிரம் டாலர் வெண்கலப் பெட்டியும் பைன் பெட்டியும் அந்தத் துணிக்கடியில் ஒன்றுதான். திருப்பலி முடியும் வரை யாரும் பெட்டியின் நிறத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். காட்சி அறையில் நிற்கும்போது, "அம்மாவுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா" என்ற குரல் உள்ளே எழும். அந்த நேரத்தில் இந்த வெள்ளைத் துணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும் முறை. ஃபியூனரல் ஹோம்களைக் கட்டுப்படுத்தும் ஃபியூனரல் ரூல் என்ற கூட்டாட்சி விதி 1984 முதல் நடைமுறையில் இருக்கிறது. நேரில் போனால் பொது விலைப்பட்டியலைக் கையில் தர வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். பெட்டிகளைக் காட்டுவதற்கு முன்பே பெட்டி விலைப்பட்டியலைக் காட்ட வேண்டும். வெளியில் வாங்கிய பெட்டியை ஏற்க மறுக்கவோ, அதற்காகக் கையாளும் கட்டணம் போடவோ கூடாது. பெட்டி வந்திறங்கும்போது குடும்பத்தார் நேரில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. இத்தனை இருந்தும் ஒரு சந்து உண்டு. "எங்கள் பேக்கேஜ் எடுத்தால் இவ்வளவு தள்ளுபடி" என்பார்கள். பெட்டியை வெளியில் வாங்கினால் தள்ளுபடி போய்விடும். அது உண்மையான தள்ளுபடி என்றால் சட்டப்படி சரி. ஆகவே பேக்கேஜ் விலையைப் பார்க்காமல், விலைப்பட்டியலில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும் தொகையைக் கூட்டி, அதோடு மடத்துப் பெட்டி விலையையும் அனுப்பும் செலவையும் சேர்த்து ஒப்பிடுங்கள். சில சமயம் பேக்கேஜே மலிவாக வரும். அப்படி வந்தால் பட்டியலில் உள்ள மிகச் சாதாரணப் பெட்டியோடு பேக்கேஜ் கேளுங்கள்.

மடத்துக்குத் தொலைபேசி செய்வதற்கு முன் மூன்று அளவுகள் கையில் இருக்க வேண்டும்: இறந்தவரின் உயரம், எடை, முழங்கையிலிருந்து முழங்கை வரை உடலின் அகலம். வழக்கமான பெட்டி வெளிப்புறத்தில் 84 அங்குல நீளம், 28 அங்குல அகலத்தை ஒட்டி இருக்கும். உடல் பருமனானவர் என்றால் அகலமான பெட்டி தேவை. அது வந்தால் அடுத்த சிக்கல் கல்லறையில். பல கல்லறைத் தோட்டங்கள் குழிக்குள் கான்கிரீட் உறை, அதாவது வால்ட் அல்லது லைனர், வைக்கச் சொல்கின்றன. இது பொதுவாகச் சட்டத்தால் வருவது அல்ல. பெட்டி உளுத்து மண் அமுங்கிப் புல்தரை பள்ளமாகாமல் இருக்கக் கல்லறை நிர்வாகம் போடுகிற விதி. அந்த உறையின் உள் அகலத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியை முடிவு செய்யுங்கள். பெட்டி வந்த பிறகு உறை பொருந்தவில்லை என்றால் அடக்க நாளே தள்ளிப்போகும். கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலானவை ஃபியூனரல் ரூலுக்குள் வராது என்பதால் அங்கே விலைப்பட்டியலை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பெட்டி ஃபியூனரல் ஹோமுக்கு வந்திறங்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் மேலுறையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மூலை, மூடி முழு நீளத்துக்கும் படிகிறதா, கைப்பிடிகள் ஆடுகின்றனவா. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் மரம் சற்று ஊதி மூடி இறுகும். அது குறை அல்ல, குளிரூட்டிய அறையில் ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். பலகை பிளந்திருந்தால் மட்டும் உடனே படம் எடுத்து மடத்துக்குச் சொல்லுங்கள்.

மூடி விஷயத்தில் நம் குடும்பங்கள் ஏமாறுவது உண்டு. முந்தின இரவு முகம் பார்க்க வருகிறவர்களுக்கு இடுப்பு வரை மட்டும் திறக்கும் இரண்டு துண்டு மூடி வசதி. மூடி ஒரே பலகையாக இருந்தால் முழுவதும் திறக்க வேண்டும். அப்போது கால் வரை சேலையோ வேட்டியோ நன்றாக உடுத்தியிருக்க வேண்டும், அல்லது இடுப்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் போர்வை வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே எந்த மூடி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பலி நேரத்தில் பெட்டி மூடியே இருக்கும் என்பதையும் ஊரிலிருந்து வருகிற உறவினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. கோவிலில் முகம் பார்க்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் உடைந்துபோகிறார்கள்.

மாலை பற்றியும் சொல்ல வேண்டும். லேசாக எண்ணெய் பூசிய மரத்தின்மேல் ஈர மாலையைப் போட்டால் கறுத்த வளையங்கள் விழும். ஓக் மரத்தில் டானின் அதிகம். மாலை கட்டிய இரும்புக் கம்பி ஈரத்தோடு அதில் பட்டால் மை கொட்டியதுபோல் கறை ஏறும், துடைத்தாலும் போகாது. மாலைக்கடியில் ஒரு துணி விரித்துவிட்டால் போதும்.

பாரம். ஓக் பெட்டி காலியாகவே 200 பவுண்டை எட்டலாம். உடலோடு சேர்த்தால் ஆறு பேரில் ஒவ்வொருவர் கையிலும் அறுபது பவுண்டுக்கு மேல். நம் ஊரில் தோளில் சுமப்பார்கள். இங்கே பக்கக் கைப்பிடியைப் பிடித்து இடுப்புயரத்தில் தூக்குகிறார்கள், அது முதுகைப் பிடிக்கும். கோவிலுக்குள் சக்கர வண்டி இருக்கும். கஷ்டம் படிக்கட்டிலும் கல்லறைப் புல்தரையிலும்தான். தூக்குகிறவர்கள் அறுபதைத் தாண்டிய மாமாக்கள் என்றால் பைன் வாங்குங்கள். எப்படியுமே பைன்தான் எங்கள் பரிந்துரை. வால்நட் அழகுதான், ஆனால் வெள்ளைத் துகிலுக்கும் மண்ணுக்கும் இடையில் அந்த அழகைப் பார்க்க இருப்பது ஓர் இரவு. மீதிப் பணத்தில் இறந்தவர் பெயரால் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், ஏழைகளுக்குக் கொடுக்கலாம். இறந்தோருக்குத் திருச்சபை செய்யச் சொல்வது அதைத்தான்.

குறைகளும் உண்டு. சந்தையில் மிக மலிவான பெட்டி இது கிடையாது. இணையத்தில் விற்கும் 20 கேஜ் ஸ்டீல் பெட்டி இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அயோவாவுக்குத் தொலைவில் இருப்பவர்களுக்கு அனுப்பும் செலவு பெட்டி விலையோடு சேர்ந்துகொள்ளும், அவசரமாகக் கேட்டால் இன்னும் கூடும். பெனடிக்ட் சொன்ன "சற்றுக் குறைவான விலை" ஃபியூனரல் ஹோம் விற்கும் அதே தரத்து மரப்பெட்டியோடு ஒப்பிடும்போதுதான் தெரியும்.

தென் மாநிலங்களில் இருப்பவர்கள் லூசியானா கோவிங்டன் அருகிலுள்ள புனித சூசையப்பர் மடத்தையும் விசாரிக்கலாம். அவர்கள் பெனடிக்டின் சபைத் துறவிகள், அதே புனித பெனடிக்டின் ஒழுங்குநூலைப் பின்பற்றுகிறவர்கள். 2005-இல் கத்ரீனா புயல் அவர்களின் காட்டு மரங்களைச் சாய்த்தது. 2007-இல் சைப்ரஸ் மரப்பெட்டி விற்கத் தொடங்கினார்கள். லூசியானா சட்டப்படி உரிமம் பெற்ற ஃபியூனரல் ஹோம்கள் மட்டுமே பெட்டி விற்கலாம் என்று அரசு வாரியம் தடுத்தது. 2010-இல் துறவிகள் வழக்குப் போட்டார்கள். பெட்டியே இல்லாமல் புதைக்கவும் அனுமதிக்கிற ஒரு மாநிலத்தில், பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று விதியே இல்லாத இடத்தில், யார் விற்கலாம் என்று மட்டும் கட்டுப்படுத்துவது ஒரு தொழிலைக் காப்பதற்கே தவிர மக்களைக் காப்பதற்கு அல்ல என்று நீதிமன்றம் 2011-இல் கண்டது. 2013-இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கு நடந்தபோது அவர்களின் இரண்டு வகைப் பெட்டிகள் 1,500, 2,000 டாலர். இன்றைய விலையை மடத்திடமே கேளுங்கள்.

தகனம் என்றால் கணக்கு மாறும். தகனத்துக்குப் பெட்டி வேண்டும் என்று எந்த மாநிலச் சட்டமும் சொல்லவில்லை. எளிய அட்டை அல்லது பலகைப் பெட்டி போதும். திருப்பலிக்கு உடலைக் கொண்டுபோக, உட்கூட்டை மாற்றும் வாடகைப் பெட்டியைப் பல ஃபியூனரல் ஹோம்கள் வைத்திருக்கின்றன. அப்போது மடத்திலிருந்து பேழையை மட்டும் வாங்கினால் போதும். கத்தோலிக்கருக்குத் தகனம் 1963 முதல் அனுமதி. ஆனால் அஸ்தியைக் கடலில் கரைப்பதையும் வீட்டில் வைத்திருப்பதையும் 2016-இல் வத்திக்கான் மறுத்திருக்கிறது. புனிதப்படுத்திய இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும். கல்லறை மாடத்தில் வைப்பதாக இருந்தால் மாடத்தின் உள் அளவுக்குள் பேழை நுழையுமா என்று பாருங்கள்.

உடலைத் தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ கொண்டுபோவதாக இருந்தால் இந்தப் பெட்டியை வாங்கவே வேண்டாம். விமானத்தில் அனுப்ப உடலைப் பதப்படுத்திச் சான்று பெற வேண்டும், காற்றுப் புகாத உலோக உறை கேட்பார்கள், சரக்குக் கட்டணம் எடையைப் பொறுத்தது. இந்தியத் தூதரகத்துக்கு இறப்புச் சான்றிதழ், பதப்படுத்திய சான்று, தொற்றுநோய் இல்லை என்ற கடிதம், பாஸ்போர்ட் எல்லாம் வேண்டும். மரப்பெட்டியை ஊரில் வாங்கிக்கொள்ளலாம், அங்கே நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கான பெட்டிகளுக்கு நியூ மெல்லரி துறவிகள் காசு வாங்குவதில்லை. குழந்தையை இழந்த பெற்றோர் அந்த நேரத்தில் எதையும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். பங்குத் தந்தையோ அன்பியத் தலைவரோ மடத்துக்குத் தொலைபேசி செய்து ஏற்பாடு செய்துவிடலாம். தமிழ்த் திருப்பலி நடக்கும் பங்குகள் இந்தத் தகவலை அலுவலகத்தில் குறித்துவைக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே வாங்கிவைக்கலாமா? வாங்கலாம். நம் வீடுகளில் அந்தப் பேச்சையே அபசகுனம் என்பார்கள். சாவை நாள்தோறும் கண்முன் வைக்கச் சொல்கிற மரபில் அது இயல்பான காரியம். வீட்டில் வைப்பதாக இருந்தால் கேரேஜில் வேண்டாம். வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமுள்ள அறையில், மூடியைச் சமமாகப் படியவிட்டு வையுங்கள். முன்பணம் கட்டினால் பெட்டி எங்கே இருக்கும், மர வகை தீர்ந்துபோனால் என்ன தருவார்கள், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடக்க விருப்பங்களை உயிலில் மட்டும் எழுதிவைக்காதீர்கள். உயிலைப் பிரிப்பதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். பெட்டி, கல்லறை, வாசகங்கள், பாடல்கள் என்று ஒரு தனித் தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பிள்ளைகளிடமும் இன்னொன்றைப் பங்கு அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள்.